பூட்டு அக்கா எழுதிய ஒரு பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூட்டு அக்கா’ என்று பேர். லிஃப்ட்டை இயக்கும் மென்பொருள் எழுதுகிற நிறுவனம் அது. யார் எந்த வரியை எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று பதிந்துவைக்க, வெளியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒருவர் ஒரு ஃபைலை எடுத்தால் மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும். எடுத்தவர் மறந்துபோய் லீவில் போய்விட்டால், பூட்டைத் திறக்க அவளால் மட்டுமே முடியும்.

“அக்கா, அந்த லிஃப்ட் கதவு ஃபைலைக் கொஞ்சம் விடுவிச்சு விடுங்களேன்,” என்பாள் அடுத்த வரிசைப் பெண்.

இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு பேராவது மேசையருகே வந்து நிற்பார்கள். இரண்டு நிமிட வேலையை அவள் இழுத்து இழுத்துச் செய்வாள். அதற்குள் ஒருத்தியின் மாமியார் சண்டை, இன்னொருவர் பிள்ளையின் பரீட்சை எல்லாம் காதில் விழுந்துவிடும். கணவர் போய் ஆறு வருடம். மகன் வேறு ஊரில். வீட்டில் அவளோடு வாயாடுவது குக்கர் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை லைசென்ஸில் ஏதோ குளறுபடி. சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. அன்று பார்த்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடாமல் அடம்பிடித்தது. கதவை மூடவைக்கும் வரியை எட்டு வருடத்துக்கு முன்னால் ஏன் மாற்றினோம் என்று பார்க்க வழியில்லை. ஏழாம் மாடிக்காரர்கள் இரண்டு நாள் மூச்சுவாங்கப் படியேறினார்கள்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். “இதையே வச்சுக்கலாமா, இல்ல ஓப்பன் சோர்ஸுக்குப் போயிடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க.”

ஓப்பன் சோர்ஸ் கருவி எல்லோருக்கும் பொது; அதற்கு யாரிடமும் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டாம். முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். பூட்டு என்ற பேச்சே கிடையாது.

பழையதற்காக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தாள். ‘எல்லோருக்கும் பழகியது’ என்று எழுதினாள். ‘போன் செய்தால் உதவுகிறார்கள்’ என்றும் எழுதினாள். இரண்டும் நிஜம்தான். மூன்றாவது காரணம் எது என்று அவளுக்கே தெரிந்ததும் முகம் சுட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘நாம் எழுதியதை நாமே படிக்க அடுத்தவர் தயவுக்குக் காத்திருக்கக் கூடாது’ என்று தொடங்கினாள்.

மகனிடம் போனில் சொன்னாள்.

“நல்ல முடிவும்மா. உனக்கும் வேலை மிச்சம்.”

“ஆமாடா, மிச்சம்தான்.”

பழைய பதிவுகளைப் புதிய கருவிக்கு மாற்றி முடிக்க ஒரு மாதம் ஆனது. மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார், கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து அவள் மேசைப்பக்கம் ஈ காக்கைகூட வரவில்லை. போகிற வழியில் சிரித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் அவளே எழுந்து அடுத்த வரிசைக்குப் போனாள். கதவு ஃபைல் பெண் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

“என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?”

“இல்லம்மா, சும்மாதான். டீ குடிக்கப் போலாமா?”

அந்தப் பெண் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதை முடிச்சிட்டு வந்துடறேன்க்கா.”

பக்கத்தில் காலியாயிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண் மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.