நாச்சியாபுரத்துக் கருப்பையா

காலை 6.30க்குக் காரைக்குடியில் இறங்கினேன். தோழி மீனாவின் மகனுக்கு அன்று நாச்சியாபுரத்தில் பெயர் சூட்டுகிறார்கள். தொட்டிலுக்கு மேல் மாட்ட, நானே கணினியில் வரைந்து மரத்தில் வெட்டி வாங்கிய பலகை என் பையில் இருந்தது. மீனாவின் மாமனார் பெயரான கருப்பையாதான் பிள்ளைக்கும். மருமகள் அதை வாயால் சொல்வது வழக்கமில்லை. "நான் கூப்பிட முடியாதுடி. பலகையிலாவது முழுசா இருக்கட்டும்" என்று பெயரை அலைபேசியில் தட்டி அனுப்பியிருந்தாள்.

ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். குன்றக்குடியைத் தாண்டியதும் ஓட்டுநரிடம் இந்தப் பெயரைப் பற்றிக் கேட்டேன். அவர் பெயர் சின்னக்கருப்பன். அண்ணன் பெரியகருப்பன், மைத்துனர் முத்துக்கருப்பன், சம்பந்தி வீட்டில் ஒரு கருப்பசாமி. எல்லாம் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பரிடம் வேண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்தவை என்றார்.

"எங்க தெருவுல கருப்புன்னு கூப்பிட்டுப் பாருங்க. நாலு பேரு வருவாக, நாய் ஒண்ணும் வரும்."

சிரித்தேன். ஆனால் பை மடியில் கனத்தது. பலகையில் நான் வெட்டச் சொன்னது ஆங்கில 'கே' என்ற ஒற்றை எழுத்து மட்டும். நாளைக்குப் பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வார்களே என்று நானே முடிவெடுத்திருந்தேன். மீனாவிடம் கேட்கவில்லை.

9.15. பிள்ளைக்கு அத்தையான மீனாவின் நாத்தனார் வள்ளி, அவன் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். பிறகு நான் கொடுத்த பலகைப் பொட்டலத்தைப் பிரித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் எங்க?"

சுருக்கமாக, ஸ்டைலாக இருக்கட்டும் என்று ஏதோ சொன்னேன்.

"மீனா மரியாதைக்காகச் சொல்ல மாட்டா. நீங்க எதுக்குச் சொல்லாம விட்டீக?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வெற்றிலைத் தட்டோடு பெரியவர் கருப்பையா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

மீனா என்னைப் பார்க்கவே இல்லை.

"அம்புட்டுத் தூரத்துலேருந்து சுமந்து வந்திருக்காக. மாட்டுங்கப்பா" என்ற பெரியவர், தட்டை வைத்துவிட்டுத் தானே ஆணி அடித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சென்னையில் என் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். மீனாவின் வழக்கத்தை நினைத்து ரயிலில் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு விடைபெற உள்ளே எட்டிப் பார்த்தேன். மீனா, "தம்பி, கண்ணு" என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே என் 'கே'. அந்த அறையில் அவன் பெயர் எங்குமே இல்லை.