தேரிக்குள் ஒரு நீல வட்டம்

ஊர் வரலாறு எழுதப்போகிறேன் என்று மகள் எங்கள் பக்கத்துப் பழைய நில வரைபடத்தை மேசையில் விரித்தாள். எங்கள் ஊருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, செம்மணல் தேரிக்குள், சின்னதாக ஒரு நீல வட்டம். "கிணறும்மா," என்றாள். எனக்கு உள்ளங்கால் சுட்டது.

என் சின்ன வயதில், அம்மா தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு சாத்தான்குளம் சந்தைக்கு நடப்பாள். பின்னால் நான். மணல் கொதிக்கும். இரட்டைப் பனையைத் தாண்டியதும், வெறும் மணல்வெளியை நேராகக் கடக்காமல் அரைவட்டம் சுற்றுவாள். ஒருநாள் நான் குறுக்கே ஓடினேன். முதுகில் ஒன்று விழுந்தது.

"ஏளா, அங்கன கெணறு மூடிக் கெடக்கு. தண்ணி குடுத்த கெணத்த மிதிக்கப்புடாது."

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல. எங்க மாமியா சுத்துவாவ, நானும் சுத்துதேன்."

கிறுக்கு என்று நினைத்தேன். கண்ணால் பார்க்காத கிணற்றை, அத்தனை சுமையோடும், அம்மா ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

"சந்தைக்கு எந்த வழியாப் போவீங்க?" என்று மகள் கேட்டாள். வரைபடத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினேன். நீல வட்டத்தின் பக்கம் வந்ததும் விரல் தானாகவே சுற்றிக்கொண்டு போனது.