ஒற்றைக் குரல்காரன்

கிறிஸ்துநாயகத்துக்கு அன்று காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. பிற்பகல் ரொறன்ரோவில், மோர்னிங்சைட் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் மைக் பிடித்துப் பேசவேண்டும் என்பதற்காக அல்ல. மடு அகதி முகாமில் அவனுடைய அக்கா றோசலின், தன் மகளோடு இருக்கிறாள். பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை. கொழும்பில் டொக்டர் ஆயத்தம். அங்கிருந்து வெளியே வர, அந்தப் பகுதியை ஆளும் இயக்கம் தரவேண்டிய பாஸ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் அரசாங்கம் மருந்தைத் தடுத்தது. மறுபக்கம் இயக்கம் நோயாளியைத் தடுத்தது. சாகக் கிடக்கும் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் துப்பாக்கிக்காரனின் கையெழுத்து வேண்டுமென்றால் அதற்கு விடுதலை என்று எப்படிப் பெயர் வைப்பது? ஸ்கார்பரோவில் வாழும் தமிழர் பலர் இதை நினைத்தார்கள். வாய்விட்டுச் சொன்னவர்கள் இல்லை. கிறிஸ்துநாயகமும் சொன்னதில்லை.

பேசாலையில் பிறந்து, சோவியத் புலமைப்பரிசிலில் நீரியல் பொறியியல் படிக்க மொஸ்கோவுக்குப் போனவன் அவன். படிப்பு முடிவதற்குள் அந்த நாடே முடிந்துபோயிற்று. ரொறன்ரோவில் அவனுடைய சான்றிதழை ஒருவரும் சீண்டவில்லை. ருஷ்ய மொழிதான் சோறு போட்டது. பாதர்ஸ்ட் வீதியில் ருஷ்யக்காரர் ஒருவரின் வீடியோக் கடையில் வேலை. மொஸ்கோவிலிருந்து வரும் புதுப் பகிடிப் படங்களையும் தொலைக்காட்சி நகைச்சுவைகளையும் கொப்பி எடுத்து அடுக்குவான். முன்பு குசினிக்குள் குசுகுசுத்த பகிடிகளெல்லாம் இப்போது திரையில் உரத்துக் கேட்டன. மந்திரி, ஜெனரல், திடீர்ப் பணக்காரன், ஒருவனும் தப்பவில்லை. கவுண்டரில் தனியே நின்று சிரிப்பான்.

அங்கிருந்து ஒரு வித்தையும் கொண்டுவந்திருந்தான். ருஷ்யாவில் வெளிநாட்டுப் படங்களைக் களவாகப் பார்த்த காலத்தில், கசெற்றில் ஒரே ஒரு ஆண்குரல்தான் எல்லாருக்கும் பேசும். கதாநாயகி, வில்லன், குழந்தை, எல்லாம் அந்த ஒருவனே. நடிக்கக்கூடாது. கோபத்தையும் காதலையும் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகவேண்டும். கிறிஸ்துநாயகம் அதையே தமிழில் செய்து காட்டினான். வீட்டில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த பக்கத்து வீட்டு இக்னேசியஸ்தான் சனிக்கிழமை கூடத்தில் படம் காட்ட ஒழுங்கு செய்தவன்.

“உங்களுக்கு இப்ப உது தேவையோ?” என்று மனைவி அன்ரனெற் கேட்டாள். “அக்கான்ர விசயம் முடியட்டும்.”

“தண்ணி ஒழுகிற படமப்பா. உதில என்ன வில்லங்கம் வரப்போகுது?”

அவன் தெரிந்தெடுத்த படத்தில், ஒரு பழைய கட்டடத்தின் சுவருக்குள் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். வெடித்த இடத்துக்கு மேல் ஒரு ஜெனரலின் பெரிய படம் தொங்குகிறது. அதைக் கழற்றினால்தான் குழாயைத் தொடலாம். கழற்ற உத்தரவு கொடுக்கவேண்டிய கந்தோரோ எப்போதோ மூடியாயிற்று. ஆகவே எல்லாரும் முழங்கால் தண்ணீரில் நின்று சூப் குடிக்கிறார்கள். கிறிஸ்துநாயகம் குழாயை மட்டுமே யோசித்தான். கூப்பிட்டாலும் திருத்த வராத கட்டட மேற்பார்வையாளனை, அந்தச் சூப்பரை, ஏசும் நம் சனத்துக்கு இது பிடிக்கும் என்று நினைத்தான். ஜெனரலின் படம் அவனுக்கு உறைக்கவே இல்லை. மொஸ்கோவில் சுவர்ப் படங்களை ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுப் பல வருசம்.

மோர்னிங்சைட்டில் இன்னும் விடவில்லை; அங்கே பல வீட்டுச் சுவர்களில் இயக்கத் தலைவரின் படம் தொங்கியது.

கூடம் முதலில் கலகலத்தது. பிளம்பர் வந்து, தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு வணக்கம் செலுத்திவிட்டு, “மேலிடத்து உத்தரவில்லாமல் தொடமாட்டேன்” என்றதைக் கிறிஸ்துநாயகம் தட்டையான குரலில் சொன்னான். எழுந்த சிரிப்பு பாதியில் அறுந்தது. தலைகள் மெல்லப் பின்வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே இராஜரட்ணம் இருந்தார். இயக்கத்துக்கு நிதி சேர்க்க வீடு வீடாக வருகிறவர். அவர் ஊருக்குப் போன் எடுத்தால் அங்கே காரியம் நடக்கும் என்று பேச்சு. நிற்கும் என்றும் பேச்சு.

இடைவேளையில் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

“தம்பி, படம் நல்லாத்தான் போகுது.”

“ஓம், அண்ணை.”

“அக்கா பாஸுக்குக் குடுத்திருக்கிறாவாம். கேள்விப்பட்டன்.”

“ஓம். பிள்ளைக்குச் சுகமில்லை, அண்ணை.”

“கிடைக்கும், கிடைக்கும். மிச்சப் படத்தைப் பாத்துச் சொல்லும்.”

அவர் அவ்வளவுதான் சொன்னார். கிறிஸ்துநாயகம் மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

இரண்டாம் பாதி தொடங்கியது. குடியிருப்பாளர்கள் ஒவ்வொருவராகப் படத்தைக் கழற்றக் களவாக வருகிறார்கள். ஒருவரையொருவர் கண்டதும் தூசு துடைக்க வந்ததாகச் சாதிக்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் அது அக்காவின் கழுத்தில்தான் விழும். திரையில் கிழவி “ஜெனரல் வாழ்க!” என்று கத்த, அவன் செய்தி வாசிக்கும் குரலில், “இது எங்கட பெரியப்பாவின் படம்” என்றான்.

திரையில் ஜெனரலின் மார்பு முழுக்கப் பதக்கம். முன்வரிசை அன்ரி ஒருத்தி கேட்டாள்.

“பெரியப்பா எந்தச் சண்டையில மெடல் எடுத்தவர்?”

கூடம் வெடித்தது. அவன் பயந்துபோய் மேலும் பொய் சொன்னான். “பெரியப்பாவுக்குத் தூசு பிடிக்காது.” “பெரியப்பா ஒத்துக்கொண்டால் குழாயைத் திருத்தலாம்.” ஒளிக்க ஒளிக்கச் சிரிப்புக் கூடியது. அவன் ஏன் ஒளிக்கிறான் என்பது அங்கே தெரியாத ஆள் இல்லை. பூனை வெளியே வந்துவிட்டது; இவனோ சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

பின்வரிசையில் இராஜரட்ணத்தின் தோள்கள் குலுங்கின. தேத்தண்ணி காற்சட்டையில் சிந்தியது. வாயைப் பொத்தினார், அடக்க முடியவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஏழெட்டுப் பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். முகம் மரமாகியது.

முடிந்ததும் கோட்டுக் கொழுவுமிடத்தில் அவனை மறித்தார்.

“நான் சிரிச்சதெண்டு ஆரும் கதைச்சவையோ?”

“நீங்கள் சிரிச்சதை நான் காணேல்லை, அண்ணை.”

“சரி.” கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். “உந்தப் படத்தில எனக்கொரு கொப்பி வேணும். உம்மட குரலோட.”

வீட்டில் சிரித்துப் பார்க்கவா, வேறு யாருக்கும் போட்டுக் காட்டவா? கேட்கமுடியாது. மாட்டேன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். கடையின் பின்னறையில் இருந்து, பெரியப்பா உட்பட எல்லாவற்றையும் சொல்லிப் பதிந்து கொடுத்தான். அதன்பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் அன்ரனெற்தான் எடுத்தாள். அவனுக்குக் கை வரவில்லை.

பனி விழத்தொடங்கிய ஒரு காலையில், அரசாங்கப் பக்கத்து வவுனியாவிலிருந்து றோசலின் பேசினாள்.

“வந்திட்டம், தம்பி. பிள்ளை நித்திரை.”

“பாஸ் தந்தவன் என்ன சொன்னவன்?”

“ஒண்டும் சொல்லேல்லை. சீட்டைத் தந்திட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவன்.”

அது முறைப்படி வந்ததா, ஒருவருடைய சிரிப்பால் வந்ததா, அந்தச் சிரிப்புக்குப் பயந்து வந்ததா? அவனுக்குத் தெரியவரவே இல்லை. அடுத்த சனிக்கிழமைக்கு இக்னேசியஸ் வேறொரு படம் கேட்டான். கிறிஸ்துநாயகம் ஒவ்வொரு கசெற்றாகப் போட்டு, கதையைக்கூடக் கவனியாமல், சுவர்களில் என்ன தொங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.