தண்ணியே ஊத்திக்கிறேன்க்கா

தெருக் குழாயில் தண்ணீர் சும்மா கொட்டுகிற ஊரில், பார்வைக்குக் கலர்த் தண்ணீர் மாதிரியே இருக்கிற ஒன்றை டப்பாவில் வைத்து விலைக்கு விற்பது இருக்கிறதே, அதுதான் என் தொழில். உத்திரமேரூர் கடைத்தெருவில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். அவர் லோடு வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டதால் கல்லாவில் நான் உட்கார்ந்தேன். பிரேக் ஷூ என்றால் மறுபேச்சு இல்லாமல் வாங்குவார்கள். இஞ்சின் ஆயில் என்றால் பயபக்தியோடு வாங்குவார்கள். இஞ்சின் சூடேறாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் என்று வாயைத் திறந்தால் மட்டும், நான் ஏதோ அவர்கள் சட்டைப் பையில் கையை விட்ட மாதிரி பார்ப்பார்கள். வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே தொண்டை காய்ந்துபோன சக கடைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். சம்பவங்கள் பல, ஆள் ஒருத்தர்தான்.

வெள்ளைக் கார்

கண்ணப்பனுக்குத் திருப்புலிவனம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேலையை விட்டார். செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அவர் மனைவி சுமதி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வண்டி ஓடுகிற வரைக்கும் இந்தப் பிழைப்பு, இஞ்சின் படுத்துவிட்டால் பேசாமல் கம்பெனி பஸ் ஏறிவிட வேண்டும். தென்னேரியில் இருக்கிற மாமனாரோ, நல்ல வேலையை உதறிய மாப்பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது, சிவப்பு, பச்சை என்று அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்து எது நல்லது என்று கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கலர் முக்கியமில்லை, வகைதான் முக்கியம், எந்த வகை என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கும், இரண்டு வகையைக் கலந்தால் உள்ளே கூழ் மாதிரி ஆகிவிடும் என்று பாடமே எடுத்தேன். மனுஷன் பொறுமையாகத் தலையாட்டினார். நான் டப்பாவை எடுக்கத் திரும்பியபோது கேட்டார்: "அதெல்லாம் சரிக்கா, வெள்ளை காருக்கு சேப்பு ஊத்துனா வெளிய தெரியாதா? இப்போதிக்கு தண்ணியே ஊத்திக்கிறேன்."

மஞ்சள் தூள்

கொஞ்ச நாளில் ரேடியேட்டர் கசிய ஆரம்பித்தது. எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான் பாஷா பாயின் மெக்கானிக் ஷெட். அங்கே போயிருக்கலாம். கண்ணப்பன் டீக்கடைக்குப் போனார். அங்கே ஒரு லாரி டிரைவர், ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. நடுக்காட்டில் வண்டி நின்றால் ஒரு சிட்டிகை போட்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கண்ணப்பனுக்குச் சிட்டிகையில் நம்பிக்கையில்லை, டப்பாவையே கவிழ்த்துவிட்டார்.

ஓட்டை அடைத்துக்கொண்டது. கூடவே தண்ணீர் ஓடுகிற வழியும் அடைத்துக்கொண்டது. பாஷா பாய் ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்சினார். மஞ்சள் சேறு கொட்டிக்கொண்டே இருந்தது. தெருவெல்லாம் ரச வாசனை. எதற்கோ கடைத்தெருவுக்கு வந்த சுமதி, நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரெண்டு நாளா தூள் டப்பாவத் தேடிக்கினு கீறேன்க்கா. வூட்ல கொழம்பு வெள்ளையா கொதிக்குது, இவரு இங்க இஞ்சினுக்குத் தாளிச்சிக்கினு கீறாரு."

ஏரித் தண்ணீர்

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு நிற்கும். கண்ணப்பன் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். பாஷா பாய் அவர் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ரப்பர் குழாயை அறுத்து, உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்திருந்ததை அவரிடம் காட்டினேன். இதேதான் இஞ்சினுக்குள்ளேயும் படியும், துருவும் பிடிக்கும் என்றேன். கூலன்டில் துருவைத் தடுக்க மருந்து இருக்கிறது, தண்ணீர் கொதிக்கிற சூட்டில் அது கொதிக்காது என்றும் சொன்னேன். முகம் மாறியது. இந்தத் தடவை வாங்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

கெட்ட நேரம், அன்றைக்கு மாமனாரும் கூட வந்திருந்தார், டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் வாங்க. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற பெரிய விவசாயி. குழாயை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மேஜை மேல் போட்டார். பிறகு மருமகனைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "என் டிராக்டரு ஏரித் தண்ணியத்தான் குடிக்குது. அது ஒரு நாளும் என்னாண்ட ஜூஸு கேட்டதில்ல மாப்ள."

துண்டு

சித்திரை வெயில். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு வந்த கண்ணப்பன், பானட்டிலிருந்து ஆவி பறக்க என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கியவர் தோளில் கிடந்த துண்டை ரேடியேட்டர் மூடி மேல் போட்டுத் திருக ஆரம்பித்துவிட்டார். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், மூடியைத் திறந்தால் மூஞ்சியில் பீய்ச்சும் என்று நான் கத்துவதற்குள் பாஷா பாய் ஓடிவந்து சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பாதி திறந்த மூடி பறந்தது. கொதிக்கிற தண்ணீர் என் கடைப் பந்தல் வரைக்கும் எழும்பி விழுந்தது. கண்ணப்பனுக்குப் புறங்கையில் கொஞ்சம் சுட்டதோடு போயிற்று.

பாஷா பாய் சாதாரணமாகத் திட்டுகிறவர் இல்லை. அன்றைக்குத் திட்டினார். "இன்னொரு வாட்டி இப்டி காஞ்சிச்சுன்னா இஞ்சின் மேல இருக்கிற ஹெட்டு வளைஞ்சிடும். அதுக்கப்பறம் இஞ்சின எறக்கித்தான் ஆவணும். அதுக்கு நீ கம்பெனிக்கே போயிடலாம்" என்றார். கண்ணப்பன் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் அசரவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "தண்ணி நல்லா கொதிச்சிடுச்சு. தூள் இருந்தா போடுங்க டிரைவரு, டீயாவது குடிச்சிட்டுப் போலாம்."

காலைத் தரிசனம்

அதற்குப் பிறகு கண்ணப்பன் ஆளே மாறிப்போனார். பாஷா பாய் உள்ளே இருந்ததையெல்லாம் வடித்துக் கழுவி, குழாய் மாற்றி, புத்தகத்தில் போட்டிருந்த கூலன்டையே அளவாக டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றினார். அன்றிலிருந்து தினமும் காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே பானட்டைத் தூக்கி, டேங்க்கில் இருக்கிற இரண்டு கோட்டுக்கு நடுவே கூலன்ட் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கோட்டுக்கு மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது என்று நான் சொன்னதை என் கடை வாசலில் நின்று எனக்கே சொல்லித்தருவார். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி?

ஒரு நாள் சுமதி கடைக்கு வந்தபோது, உங்கள் வீட்டுக்காரர் தேறிவிட்டார் போலிருக்கிறதே என்றேன். சுமதி சிரிக்கவில்லை. "கல்யாணமான புதுசுல கூட காலைல எய்ந்து என் மூஞ்சிய இப்டி உத்து உத்துப் பாத்தது இல்லக்கா."

பொண்ணு அழைப்பு

சுமதியின் தங்கைக்கு எங்கள் ஊரிலேயே மாப்பிள்ளை அமைந்தது. இந்தப் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்து வந்து, மேளத்தோடு கடைத்தெருவைச் சுற்றி மண்டபத்தில் இறக்குவார்கள். பெண் உட்காரக் கண்ணப்பன் வண்டி. அலங்காரம் மாமனார் செலவு. சம்பந்தி வீட்டார் அசந்துபோக வேண்டும் என்று வண்டியின் மூக்கிலிருந்து நெற்றி வரை இடைவெளி விடாமல் பூப்போர்வை போர்த்தச் சொல்லிவிட்டார். ரேடியேட்டருக்குக் காற்று போகிற கிரில் இருந்த இடமே தெரியவில்லை. அங்கே மட்டும் பூ வேண்டாம் மாமா என்று கண்ணப்பன் சொல்லிப் பார்த்திருக்கிறார். யார் கேட்டது? மேக்கப் கலையக் கூடாது என்று உள்ளே ஏ.சி. முழு வேகத்தில் ஓடியது. முன்னால் பேண்டு செட், அதற்கும் முன்னால் பையன்கள் ஆட்டம், பின்னால் வண்டி நத்தையாக நகர்ந்தது. எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றியிருந்தாலும், காற்றே இல்லாமல் அது என்ன செய்யும்?

நான் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது. சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாம். கண்ணப்பன் ஏ.சி.யையும் இஞ்சினையும் நிறுத்தி இறங்கி, முன்னால் வந்து, இரண்டு கையாலும் பூவைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு, கல்யாணப் பொண்ணு வண்டியில் பூவைப் பிய்க்கிறாரே என்று. மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா மாப்ள பண்ற? சம்மந்தி வூட்டாரு பாத்துக்கினு கீறாங்க. மண்டபம் தோ தெரியுது. ஏறி வண்டிய எடு."

பழைய கண்ணப்பனாக இருந்தால் எடுத்திருப்பார். "இல்ல மாமா. இப்ப எடுத்தா இஞ்சின் போயிடும். இஞ்சின் போச்சுன்னா திரும்ப நைட் ஷிப்ட்டு. என்னால முடியாது மாமா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என்ன ஆயிற்றோ என்று பேண்டு செட் அந்த நேரம் பார்த்து வாசிப்பை நிறுத்தியிருந்ததால் தெருவுக்கே கேட்டுவிட்டது. பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமதி கதவைத் திறந்து இறங்கி வந்து, புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வேறு வண்டி கொண்டு வரட்டுமா என்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ கேட்டார்கள். மாமனார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ரோட்டில் கிடந்த பூவைப் பார்த்தார். பெரிய மருமகனையும் மகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேண்டு செட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி அதட்டினார்: "யாருப்பா அடிக்கிறத நிறுத்தனது? எங்க மாப்ள வண்டி ஆறட்டும். அதுவரிக்கும் இங்கியே நின்னு அடிங்க."

ஆக, நான் வருடக்கணக்கில் வாய் வலிக்கச் சொல்லியும் மசியாத ஊர், நடுத்தெருவில் மேளதாளத்தோடு ஆறி, இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமல் மண்டபம் போய்ச் சேர்ந்த ஒரு காரைப் பார்த்துவிட்டு மறு வாரமே கூலன்ட் கேட்டு வர ஆரம்பித்துவிட்டதால், அடுத்த முகூர்த்தத்தில் எந்த வண்டிக்குப் பூ கட்டுகிறார்கள் என்று இப்போது நானும் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.