ஆடுகிற அடுப்புக்குக் கொண்டி போட்ட அத்தான்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், தாமிரபரணி கடலில் போய்ச் சேருகிற புன்னைக்காயலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுக்கு ஊர் வண்ணார்பேட்டை. என் அக்காவைக் கட்டிய அத்தான் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர். சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வாங்குவார் என்று நாங்கள் பார்த்திருக்க, மனுஷன் வெளிநாட்டுப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டார். பந்தயப் படகு மாதிரி ஓடும், உள்ளே வீடு மாதிரி தங்கலாம். அதுதான் அதன் விசேஷம். கல்யாண வீட்டில் சொதிக் குழம்பில் விரலைத் தோய்த்து இலையிலேயே படகை வரைவார். கனமில்லாத உடம்பு, அகலமான பின்பக்கம், அடியில் கவிழாமல் இழுத்துப் பிடிக்க ஈயக்குண்டு. கயிறுகள் எல்லாம் சுக்கான் பக்கத்திலேயே வந்து சேருமாம். "பாய்க்கயித்தை விட்டா போதும், சாஞ்ச படகு நிமிந்துரும். ஒத்தை ஆளு சமாளிக்கலாம்" என்பார்.

அவர் அதிகம் பீற்றிக்கொண்டது அடுப்பைத்தான். இரண்டு முளையில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். சமைக்கிறவர் விழாமல் இருக்க இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு வாரும் உண்டு.

புது வீட்டுக்குக் காய்ச்சுவதுபோலப் படகிலும் பால் காய்ச்ச வேண்டும் என்றார். சரி, நல்லதுதானே. ஆனால் நல்ல நேரத்தில் படகு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். ஈயக்குண்டு தரை தட்டும் என்று படகு கரையை விட்டுத் தள்ளியே நின்றது. அத்தானின் சிநேகிதர்களோடு சின்ன வள்ளத்தில் போய் ஏறினோம். பாய் விரித்துப் படகு கிளம்பியதும், கீழே அடுப்படியில் அக்கா பட்டுச்சேலையோடு வாரை மாட்டினாள். மேலிருந்து எட்டிப் பார்த்த அத்தானின் சேக்காளி, "என்ன வே, பொண்டாட்டிய அடுக்களையிலேயே கெட்டிப் போட்டுட்டீரு!" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கூசிப்போய் வாரைக் கழற்றிவிட்டாள்.

அத்தான் சுக்கானைச் சேக்காளி கையில் கொடுத்துவிட்டுக் கீழே வந்து, அடுப்பு அசையாமலிருக்கக் கொண்டியைப் போட்டார்.

"அத்தான், அதை எதுக்குப் போடுதிய?"

"ஏளா, ஆடுத அடுப்புல பால் வச்சா குடித்தனமும் ஆடிரும். பொங்குத வரைக்கும்தான். பானையைப் பிடிச்சுக்கிடச் சொல்லு."

சொல்லிவிட்டு மேலே போய்ப் பாயை இன்னும் இழுத்துக் கட்டினார். சேக்காளிகளுக்கு வேகம் காட்ட வேண்டுமே!

பால் பொங்கி வரும் நேரம் வாடைக்காற்று ஓங்கி அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய, அடுப்பும் கூடவே சாய்ந்தது. கொதிக்கிற பால் அத்தனையும் அக்காவின் கையிலும் மடியிலும். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு மேலே ஓடினேன். "பால் அக்கா மேல கொட்டிட்டு! நிறுத்துங்க!"

"பொங்கிட்டா? எந்தப் பக்கமா பொங்குச்சு?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டார்.

அவர் காலடியில் மாட்டியிருந்த பாய்க்கயிற்றைப் பிடுங்கி விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நிமிர்ந்தது.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஆமா, இப்பந்தான் பிடிச்சிருக்கு. எஞ்சினைப் போட்டுக் கரைக்கு விடும் வே!"

மரியாதையை விட்டு அத்தானை 'வே' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். சேக்காளி ஒருவர் எஞ்சினைப் போட, மற்றவர்கள் பாயைச் சுருட்டினார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா வலியோடு என் கையைப் பிடித்து, "அவுகளை ஒண்ணும் சொல்லாத, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அத்தானோ வந்தவர்களிடம், "பால் கிழக்காமதான் பொங்குச்சு, சகுனம் மோசமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தோல் உரிந்து, ஆறி, இப்போது அக்கா பழையபடி சமைக்கிறாள். எனக்குத்தான் ஆறவில்லை. எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருவன், தான் செய்கிற படகில் அடுப்புக்கு முன்னால் ஒரு உயிர் நிற்கும் என்று யோசித்து முளையும் வாரும் வைத்திருக்கிறான். கூடவே வாழ்கிற மனுஷனுக்கு அந்த உயிர் கண்ணில் படவில்லையே என்பதை, இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.