ஒன்பது வருடம் தனியே நடந்த கடற்போர்

ஊருக்கெல்லாம் பல்செட்டு செய்து கொடுப்பவரை நண்பர்கள் 'பல்லு' என்றே கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு இது ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். ஃபோனை எடுத்தால் அவரே "பல்லு பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் பல் நிறுத்தி, இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் ஈறு வார்த்து, தேய்த்து மெருகேற்றித் தருவது தொழில். மயிரிழை கூடினாலும் வாயில் உட்காராது என்பதால் எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள்.

மிஞ்சும் ஈறுப் பிளாஸ்டிக்கில் அவர் போர்க்கப்பல் செய்தார். சுண்டுவிரல் நீளக் கப்பல். பல்செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் கொடிமரம், அதைவிட மெல்லிய கம்பியில் பீரங்கி, மேலே சாம்பல் பெயின்ட். எங்காவது உரசிக்கொண்டால் உள்ளே ஈறு தெரியும். இப்படி அறுபத்து மூன்று கப்பல்கள்.

அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கவா செய்தார்? விளையாட. நீலத் துணி விரித்த இரண்டு மேஜைகள்தான் கடல். கப்பலை நகர்த்திவிட்டு, எதிரிக் கப்பல் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டு உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டேப்பை எடுக்கலாம். சரியாகச் சொல்லியிருந்தால் குண்டு பட்டது. தப்பினால் தண்ணீரில் விழுந்தது. அந்த இடத்தில், டாக்டர்கள் நிறம் சரியில்லை என்று திருப்பியனுப்பிய பொய்ப்பல் ஒன்றை நிறுத்திவைப்பார். தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர் எகிறினாற்போல இருக்கும்.

எல்லாம் இருந்தது, விளையாடத்தான் ஆளில்லை. ஒன்பது வருடம் முன்பு, கூட வேலை பார்த்த நாலு பேரைக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் சும்மா இருந்தாரா? ஒரு மணி நேரத்தில் அவர்கள் கப்பல் அத்தனையையும் முக்கி எடுத்துவிட்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே போனவர்கள் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாவம், ஒரு வாரம் மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து தனி ஆட்டம்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்து சுடுவார். எழுந்து சுற்றிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதிலுக்குச் சுடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவார்.

இப்போது மறுபடி துணிந்துவிட்டார். காலை நடைக்குக் கூட வரும் தையல்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அழைத்திருந்தார். இந்த இருவரும் ஓடிப்போனால் மூன்றாம் முறை யாரையும் கூப்பிடத் தனக்குத் தெம்பு இல்லை என்று அவருக்கே தெரியும். மனைவிக்கும் தெரியும்.

"வந்தவங்கள வெரட்டி விட்டுடாதீங்க. கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

"ஜெயிக்கவே மாட்டேன், போதுமா?"

சொன்னபடியே செய்தார். எதிரணியில் இருவர், இந்தப் பக்கம் இவர். மருந்துக்கடைக்காரருக்குக் கடைசி வரை எந்தக் கப்பல் தன்னுடையது என்பதே குழப்பம். ஆனால் தையல்காரர் இருக்கிறாரே, டீயை உறிஞ்சிக்கொண்டே "முப்பத்தேழரை" என்றார். டேப்பை வைத்தால் முப்பத்தேழரை. "இருபத்தொம்போதே கால்." அதுவும் அப்படியே. வாசலில் ஆள் நுழையும்போதே மார்பளவைச் சொல்லிவிடுகிறவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம். பல்லு தன் முறைக்கு "இருபது" என்றார். டேப் முப்பத்தொன்று காட்டியது. அடுத்து "அம்பது" என்றார். நாற்பது. "அடடா, கை வரலையே" என்று நெற்றியில் வேறு அடித்துக்கொண்டார். நடிப்பு கொஞ்சம் கூடத்தான்.

தையல்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, மயிரிழை பாத்துப் பல்லு கட்டற ஆளு நீ. உனக்குப் பதினோரு இன்ச்சு தப்புமா?"

"தப்பிடுச்சுப்பா."

"பொய் சொல்லாத. எங்கள என்ன பச்சப்புள்ளைங்கன்னு நெனச்சியா? வெளையாட வான்னு கூப்ட்டுட்டு சும்மா தாலாட்டிக்கிட்டு இருக்க." அவர் எழுந்து வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடினார். நிஜமாகவே முகம் சிறுத்துப்போயிருந்தது.

பல்லுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே ஓடினார். கௌரவம் பார்க்க நேரமில்லை.

"முன்னாடி நாலு பேரு வந்தாங்க. ஜெயிச்சேன். அப்புறம் வரவே இல்ல. நீங்களும் வராம போயிடுவீங்களோன்னு பயம். அதான்."

தையல்காரர் ஒரு செருப்பை மாட்டியபடி நின்றார். பிறகு கழற்றினார். "மொதல்லேர்ந்து போடு. இந்தத் தடவ ஒழுங்கா ஆடு. இல்ல, மேஜையையே கவுத்துடுவேன்."

இரண்டாவது ஆட்டத்தில் பல்லு யாரென்று தெரிந்தது. மூன்றே சுற்றில் தையல்காரரின் இரண்டு கப்பல்கள் காலி. தையல்காரரும் சளைக்கவில்லை, ஒன்றைப் பதிலுக்கு முக்கினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்குப் பகீரென்றது, மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று. பல்லுவின் பீரங்கிகள் அத்தனையும் தையல்காரர் பக்கமே திரும்பியிருந்தன.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் ஒரு சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். பல்லுவின் இரண்டு பெரிய கப்பல்களுக்கு நடுவே, பட்டப்பகலில், நேராக.

"கைநீளத்துக்குள்ள வந்துட்டா அளக்க வேணாம், டார்பிடோ விடலாம்னுதானே சொன்ன? விட்டுட்டேன்பா."

நாலு மாதம் இழைத்துச் செய்த தலைமைக் கப்பல் போயிற்று. பல்லு துள்ளி எழுந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "அதெப்படி? அந்த வழியா யாரும் வர மாட்டாங்க. நடுவுல மாட்டிக்கிட்டா செத்தோம்னு தெரியும்ல. ஒம்போது வருஷத்துல ஒருத்தர்கூட அங்க வந்ததில்ல."

"ஒருத்தர்கூடன்னா யாருய்யா?" என்றார் தையல்காரர். "ஒம்போது வருஷமா ரெண்டு பக்கமும் நீ மட்டும்தானே."

பல்லு நீலத் துணியையும், தனக்குத் தோன்றவே தோன்றாத இடத்தில் நின்ற அந்தப் படகையும் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது, அவர் மறைக்கவும் இல்லை. தோற்றதில் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ காலமாயிற்று.

மருந்துக்கடைக்காரர் பயந்துவிட்டார். "தப்பாப் போயிட்டேனோ? வேணா பின்னாடி எடுத்துக்கட்டுமா?"

"எடுத்த, கைய ஒடிச்சிடுவேன்" என்றார் பல்லு, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த வாரம் அந்த வழியா வந்து பாரு. அப்பத் தெரியும் சேதி."

"வராம?" என்றார் மருந்துக்கடைக்காரர்.