ரெக்ஸ்டேலுக்கு உயரம் காட்டப் போனது

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவின் கிழக்குக் கரையிலுள்ள மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டோம். வெளியே மைனஸ் பதினேழு பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து மூன்று கிழமையாகியும், இந்தக் குளிருக்கு எந்த உடுப்பை உள்ளே போடுவது, எதை மேலே போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ரொறன்ரோவின் பனியைப் படத்தில் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது விழுந்த அன்றைக்கு மட்டும்தான் வெள்ளை. அடுத்த நாளே உப்பும் சேறும் கலந்து, தெருவோரம் குவித்த சாம்பல் மாதிரிக் கிடக்கும். வானமும் அதே நிறம்தான்.

போகவேண்டிய இடம் ரெக்ஸ்டேல், நகரத்தின் மற்றக் கரை. பஸ்ஸும் ரயிலும் மாறிப் போனால் மூன்று டொலர் முப்பது சதம்தான், ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அத்தானின் காரில் நெடுஞ்சாலையால் முப்பத்தைந்து கிலோமீற்றர் சொச்சம்.

அக்காவின் மகன் கவினுக்குப் பதினைந்து வயது. பேஸ்போல் ஆடுகிறான், அதிலும் பிட்ச்சர், அதாவது பந்து எறிகிறவன். கோடை முழுக்க அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஓர் அணியில் எறிகிறவனுக்கு ஒரேயொரு இடம் மிச்சமிருந்தது. அந்த அணியோடு போனால் அங்குள்ள பல்கலைக்கழகங்களின் கண்ணில் படலாம். பட்டால் படிப்புச் செலவை அவர்களே பார்ப்பார்கள். அந்த இடத்துக்குக் கவினையும் ஈத்தன் என்ற இன்னொரு பையனையும் அருகருகே எறியவிட்டு ஒப்பிடப் போகிறார்கள். அக்கா முதல் நாள் இரவு சாமிப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

வழியில் வெக்ஸ்போர்ட் பக்கம் இறங்கி ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தினோம். மட்டன் ரோல் ஒன்று ஒரு டொலர் எழுபத்தைந்து சதம். கவின் வாங்கப் போனதும் அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

“மச்சான், அங்க போனதும் நீர் அக்காவோட உள்ளுக்குப் போம். நான் காருக்க இருக்கிறன்.”

“ஏன் அத்தான்? பொடியன் எறியிறதைப் பாக்க வரேல்லையே?”

அத்தான் ஸ்ரேறிங்கைத் தடவினார். பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் வந்த மனிசன். “போன வருசம் வேற ஒரு ரீமுக்குப் போனனாங்கள். நல்லா எறிஞ்சவன். கோச் வந்து ஆர் தகப்பன் எண்டு கேட்டான். நான் எழும்பினன். என்னைப் பாத்தான், பேந்து பொடியனைப் பாத்தான். அவ்வளவுதான். எடுக்கேல்லை.”

“உங்களுக்கென்ன விசரா?” என்றாள் அக்கா. “அவன் வேற ஏதும் குறை கண்டிருப்பான்.”

“உவையள் இண்டைக்கு எறியிறதைப் பாக்கிறேல்லையப்பா. நாலு வருசத்தால எப்பிடி எறிவான் எண்டுதான் பாக்கிறவை. பொடியன் வளருவானோ எண்டு அறியத் தகப்பனைப் பாப்பினம். மச்சான், நீர் பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா அக்காவுக்குப் பக்கத்தில இரும், காணும்.”

அத்தான் ஐந்தடி மூன்றங்குலம். நான் ஆறடி ஓரங்குலம். ஊரில் கரப்பந்தாட்டம் ஆடியவன். இந்த உயரத்தால் நான் இதுவரை கண்ட பலன், வலைக்குப் பக்கத்தில் நின்றதும், அயலட்டையில் பரணிலிருந்து சாமான் இறக்கிக் கொடுத்ததும்தான். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கடல் கடந்து வந்தும் அதே கணக்கு, பார்ப்பது மட்டும் தகப்பனை என்று நினைத்தேன். மறுத்திருக்கலாம். அதற்குள் கவின் ரோல் பையோடு ஓடி வந்து ஏறிவிட்டான்.

எட்டரைக்கு ரெக்ஸ்டேல். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரித் தாழப் பறக்கின்றன. தொழிற்சாலைகளுக்கு நடுவே பழைய களஞ்சியம் ஒன்றை விளையாட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். உள்ளே பச்சைப் பிளாஸ்ரிக் புல், கூரையிலிருந்து தொங்கும் வலைகள், தோற்கையுறையில் பந்து விழுகிற ஓசை. பெற்றோர் மடக்குக் கதிரைகளில் காகிதக் கோப்பையும் கையுமாக இருந்தார்கள். இயந்திரத்துக் கோப்பி இரண்டு டொலர். கழனித் தண்ணிக்கு அது அதிகம்.

முதலில் கவின் எறிந்தான். எல்லாவற்றையும் கிலோமீற்றரில் அளக்கிற நாட்டில் பந்தின் வேகத்தை மட்டும் மைலில் அளக்கிறார்கள். சுவரிலிருந்த பலகை எழுபத்தொன்பது காட்டியது. பிடிக்கிறவன் கையுறையை எங்கே வைத்தானோ அங்கேயே பந்து போனது. அடுத்து ஈத்தன். எழுபத்தாறு. நாலைந்து பந்து வலையில் போய் விழுந்தது. ஆனால் அவனுக்கு இப்போதே ஆறடி. கையும் காலும் உடம்பைவிட்டு ஓடப் பார்க்கிற மாதிரி நீண்டிருந்தன. அந்த அணியின் கோச் கவினுக்குத் தலையாட்டினார், ஈத்தனைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் சொன்னது சரிதான்.

எனக்குப் பக்கத்தில் ஈத்தனின் தகப்பன். பனை மாதிரி ஆள், நல்ல மனிதர். “உங்கள் மகன் கெட்டிக்காரன். என் மகனுக்குச் சப்பாத்து அளவு பதின்மூன்று. உடம்பு இன்னும் அந்தப் பாதத்துக்கு வந்து சேரவில்லை, அதுதான் தடுமாறுகிறான்” என்றார் ஆங்கிலத்தில். ‘உங்கள் மகன்’ என்றதை நான் திருத்தவில்லை.

பிறகு கோச் கவினைக் கூப்பிட்டு என் பக்கம் கை காட்டினார். வலைக்கு இப்பால் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. “அது உன் அப்பாவா?”

கவின் என்னைப் பார்த்தான். கார்த் தரிப்பிடம் தெரிகிற கண்ணாடிக் கதவைப் பார்த்தான். “யெஸ்” என்றான்.

அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா தலை குனிந்து ஜக்கெற்றின் சிப்பை மேலும் கீழும் இழுத்தாள். கோச் வந்து கைகொடுத்து, உயரம் என்ன என்று கேட்டார். ஆறடி ஒன்று என்றேன். நான் பேசியது அவ்வளவுதான், அதில் பொய்யில்லை. அப்படி ஒரு கூச்சத்தை என் வாழ்நாளில் நான் பட்டதில்லை.

பத்தரைக்கு முடிவு சொன்னார்கள். இடம் கவினுக்கு. ஈத்தன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தகப்பன் அந்த நேரத்திலும் வந்து என் கையைப் பிடித்து, “கொடுத்து வைத்தவர் நீங்கள்” என்றார். கவின் எறிந்த எறிக்கே அந்த இடம் கிடைத்ததா, என் உயரத்துக்குக் கிடைத்ததா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெற்றோலை மிச்சம் பிடிக்க அத்தான் கார் எஞ்சினை நிறுத்தியே வைத்திருந்தார். கண்ணாடியின் உட்புறம் அவர் மூச்சு உறைந்து படிந்திருந்தது. செய்தியைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். முதல் பந்து எப்படி, வளைந்து போகிற பந்து விழுந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்பா எங்கயெண்டு ஆரும் கேட்டவையோ?”

“நோ அப்பா. ஒருத்தரும் கேக்கேல்லை” என்றான் கவின்.

அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். “அதுவும் நல்லதுதான்” என்றார்.

வியாழக்கிழமை மாலை எனக்கு விமானம். மூவருமே வழியனுப்ப வந்தார்கள். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, அத்தான் என்னைத் தூணோரம் கூட்டிப் போனார்.

“மச்சான், ஊருக்குப் போய் உம்மட முழுப் படம் ஒண்டு எடுத்து அனுப்பிவிடும். கோச் கேட்டால் காட்டலாம். அப்பா ஊருக்குப் போயிட்டார் எண்டு சொல்லலாம்.”

“அப்ப மேட்ச்சுகளுக்கு நீங்கள் போறேல்லையோ?”

“வெளி கிரவுண்ட்தானே. வேலிக்கு அங்கால நிண்டு பாப்பன். அங்க ஆருக்கு என்னைத் தெரியும்?”

கவின் நாலடி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனைவிட அவன் இப்போதே அரைத் தலை உயரம். எனக்கு அழுகை வந்தது. குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஊருக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இங்கே பின்னேரங்களில் கரப்பந்தாட்டத்துக்குப் புதிதாக ஒரு பொடியன் வந்தால், “எங்க, ஒருக்கா அடி பாப்பம்” என்றுதான் சொல்வோம். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வீடு வாடகைக்குக் கொடுக்கவும் தகப்பன் ஆர் என்று குடைகிற சனம், பந்துக்கு மட்டும் அதைக் கேட்பதில்லை. அந்த ஒன்றில் எங்கள் ஊர் மேல் என்று நினைக்கிறேன். நினைத்தும் மனம் ஆறவில்லை.

அத்தான் ஞாயிறு தோறும் போன் எடுத்துப் படத்தைக் கேட்பார். போன் பழுது, மழை என்று நான் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுக் கவினே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். எனக்கு அவன் தானாக அனுப்பிய முதல் செய்தி அது.

“மாமா, சொறி டிஸ்டேர்ப் பண்ணுறதுக்கு. அந்த போட்டோவை சென்ட் பண்ணுவீங்களா? நெக்ஸ்ட் வீக் ரீம் பேரன்ட்ஸ் மீற்றிங் இருக்கு.”

இன்று காலை வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிட்டு, மதிலோரம் போய் நின்றேன். “கொஞ்சம் நிமிந்து நில்லும் தம்பி” என்றார் அவர். நின்றேன்.